பெர்சிவலுக்குக் கிடைத்த பேனா: போர்க்கால நினைவுப்பொருள் என்ன சொல்லும், எதைச் சொல்லாது?

போர்க்காலத் தளபதிகள் கையெழுத்திட்ட படத்தை ஒருவருக்கொருவர் கொடுப்பது வழக்கம். "நாம ஒரே பக்கம்" என்று சொல்லும் மரியாதை அது. சிங்கப்பூரின் போர்க் கதையில் அதற்கு ஈடான ஒரு பொருள் இருக்கு. படம் இல்லை, ஒரு பேனா.

யாருடைய பேனா?

1942 பிப்ரவரி 15. புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலை. பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டார். மேசைக்கு இருபுறமும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

மூன்றரை ஆண்டு கழித்து நிலைமை தலைகீழானது. 1945 செப்டம்பர் 2ஆம் தேதி, தோக்கியோ விரிகுடாவில் நின்ற மிசூரி போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் பல பேனாக்களால் கையெழுத்திட்டார். ஒன்றைப் பிலிப்பீன்ஸில் சரணடைந்திருந்த வெய்ன்ரைட்டிடம் கொடுத்தார், மற்றொன்றைப் பெர்சிவலிடம். இருவருமே சிறையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். மறுநாளே பிலிப்பீன்ஸின் பாகியோவில் யமாஷிட்டா சரணடைந்தபோதும் பெர்சிவல் அங்கு இருந்தார்.

எதிரிகள் என்ன கொடுத்துக்கொள்வார்கள்?

நண்பர்கள் படமும் பேனாவும் தருவார்கள். தோற்ற எதிரியிடம் வாளைத்தான் வாங்குவார்கள். 1945 நவம்பரில் ஜப்பானியத் தளபதி தெராவுச்சி, மவுன்ட்பேட்டனிடம் தம் வாள்களை ஒப்படைத்தார். ஆக, பொருளைப் பார்த்தாலே உறவு புரியும்: தந்ததா, பறித்ததா?

படத்தில் இல்லாதவர்கள்

இங்கேதான் கவனம் தேவை. அந்த மேசைப் படத்தில் சில அதிகாரிகள்தான் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 14, குவீன்ஸ்டவுனில் இன்று அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனை என நாம் அறியும் ராணுவ மருத்துவமனைக்குள் ஜப்பானிய வீரர்கள் புகுந்தார்கள். நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அடைத்துவைக்கப்பட்ட பலர் மறுநாள், அதாவது பெர்சிவல் கையெழுத்திட்ட அதே நாளில் கொல்லப்பட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, லிட்டில் இந்தியா பக்கத்திலுள்ள ஃபேரர் பார்க்கில் பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பலர் மறுத்துக் கைதிகளாகவே இருந்தார்கள். அவர்களுடைய கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

அப்போ நாம் என்ன செய்யலாம்?

பழைய போர்ப் படமோ கையெழுத்தோ கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். கையெழுத்து யாருக்காகப் போடப்பட்டது? அப்போது யார் வென்றவர்? படத்துக்கு வெளியே யார் நின்றார்கள்?

ஃபோர்டு தொழிற்சாலை இன்று காட்சிக்கூடமாகத் திறந்திருக்கு. அங்கு போனால், குவீன்ஸ்டவுனையும் ஃபேரர் பார்க்கையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த மேசைப் படத்தைப் பாருங்கள்.