மாயிபூ 2: ஒரு சிம்பன்சியின் உடலும் எபோலாவும்

1996 பிப்ரவரியில், காபொன் நாட்டின் வடகிழக்கே இவிந்தோ ஆற்றங்கரையிலுள்ள மாயிபூ 2 என்னும் சிற்றூரார், காட்டில் ஒரு சிம்பன்சி இறந்து கிடக்கக் கண்டனர். சந்தை எட்டாத காட்டூரில் கண்ணில் பட்ட இறைச்சியை யார் விடுவார்? ஊருக்குத் தூக்கி வந்து தோலுரித்துச் சமைத்தனர். சில நாட்களில் காய்ச்சலும் வாந்தியும் தொடங்கின. முதலில் நோயுற்றவர்கள் அவ்வுடலைச் சுமந்தவர்களும் அறுத்தவர்களுமே. பின்னர் அவர்களுடைய உறவினருக்கும் பரவியது. 21 பேர் இறந்தனர். 1976இல் சயீரின் யம்புக்குவில் இனங்காணப்பட்ட எபோலா தீநுண்மியே (வைரஸ்) காரணம்.

நன்கு வெந்த இறைச்சியில் இத்தீநுண்மி பிழைக்காது. அறுக்கும்போது படும் இரத்தமும் கையிலுள்ள சிறு கீறலும் அதற்குப் போதும். எனவே குரங்கைத் தின்றதால் வந்த நோய் என்பது பாதி உண்மையே. சிம்பன்சியும் தீநுண்மியின் நிலையான இருப்பிடமன்று. அதுவும் நோய்க்கு இரையான உயிர்தான். 2001 முதல் 2003 வரை காபொன், கொங்கோ எல்லைக் காடுகளில் கொரில்லாக்களும் டைக்கர் என்னும் சிறு மறிமான்களும் இவ்வாறே மடிந்து கிடந்தன. 2005இல் அப்பகுதியின் மூன்று பழந்தின்னி வௌவால் இனங்களில் எபோலாவின் மரபுக்கூறுகளும் எதிர்ப்பொருள்களும் கண்டறியப்பட்டன. உயிருள்ள தீநுண்மி மட்டும் அவற்றில் அகப்படவில்லை.