தொப்பியில் தொடங்கிய கணக்கு

1886 பிப்ரவரி. நியூயார்க்கின் பெரிய கடைவீதிகளில், சாயங்கால நேரத்தில், ஃபிராங்க் சாப்மன் என்ற 21 வயது வங்கி ஊழியர் பெண்களின் தலைகளை உற்றுப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். எந்த ஊரிலும் உதை வாங்கித் தரக்கூடிய காரியம். அவர் கண் தேடியது தொப்பிகளை. அன்றைய நாகரிகப்படி தொப்பியில் இறகு வேண்டும்; வசதி இருந்தால் இறக்கை, இன்னும் வசதி இருந்தால் பஞ்சடைத்த முழுப் பறவை. இரண்டே நடையில் 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றில் 542 தொப்பிகளில் பறவையின் இறகோ உடலோ இருந்தது. மரங்கொத்தி, ஆலா, ஒரு தொப்பியில் ஆந்தைகூட என்று 40 இனங்களை அடையாளம் கண்டுகொண்டார். நகரத்தின் நடுவே எடுத்த அந்தப் பறவைக் கணக்கில் ஒரே ஒரு குறை: எண்ணியதில் ஒன்றுக்கும் உயிர் இல்லை.

கணக்கு ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற பத்திரிகைக்குக் கடிதமாகப் போனது. அதன் ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் அதே ஆண்டில் பறவைகளைக் காப்பாற்ற ஆடுபான் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். சேரக் காசு வேண்டாம் என்றதும் ஓராண்டுக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டமே சங்கத்துக்கு எமனானது. இத்தனை பேரைக் கட்டி மேய்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1889-இல் அதன் பத்திரிகை நின்றது, சங்கமும் படுத்தது. தொப்பி வியாபாரம் மட்டும் ஜோராக நடந்தது.

வங்கி வேலையை உதறிய சாப்மன் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்தார். 1896-இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பெண்கள் தேநீர் விருந்து வைத்து, சீமாட்டிகளிடம் நயமாகப் பேசி இறகைக் கைவிட வைத்தார்கள். ஆடுபான் இயக்கம் மாநிலம் மாநிலமாக மறுபடி முளைத்தது. அதற்குக் குரலாக 1899-இல் ‘பேர்ட்-லோர்’ இதழைத் தொடங்கினார் சாப்மன். ஆனால் தொப்பியை விடப் பழைய எதிரி ஒன்று கிராமங்களில் காத்திருந்தது.

கிறிஸ்துமஸ் வேட்டை. ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கியோடு கிளம்புவார்கள்; கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவார்கள்; மாலையில் எந்த அணியின் குவியல் பெரியதோ அதற்கே வெற்றி. வேறொருவராக இருந்தால் இதைத் திட்டித் தலையங்கம் எழுதியிருப்பார். சாப்மன் கெட்டிக்காரர். போட்டியை அப்படியே வைத்துக்கொண்டார். துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டார். வேட்டை நாளில் வெளியே போங்கள், பறவைகளை எண்ணிப் பட்டியல் அனுப்புங்கள், பெயரோடு அச்சிடுகிறோம் என்று 1900 டிசம்பர் இதழில் அறிவித்தார். அந்தக் குளிரில் யார் வரப்போகிறார்கள்?

வந்தவர்கள் 27 பேர். கனடாவின் டொரொண்டோவிலிருந்து கலிபோர்னியாக் கடற்கரை வரை 25 இடங்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கும் அதில் ஒன்று. எல்லோருமாக எண்ணியது சுமார் 18,500 பறவைகள், ஏறத்தாழ 90 இனங்கள். அத்தனையும் உயிரோடு! அடுத்த ஆண்டும் பட்டியல்கள் வந்தன, அதற்கடுத்த ஆண்டும். வேடிக்கையாகச் சேர்ந்த இந்தக் காகிதங்களால் என்ன பயன் என்ற கேள்விக்குப் பதிலை ஒரு திருட்டு வியாபாரம் கொண்டுவந்தது.

மேற்கு அமெரிக்காவின் ஹவுஸ் ஃபின்ச் என்ற சிறு குருவியைப் பிடித்து, ‘ஹாலிவுட் ஃபின்ச்’ என்று கவர்ச்சியாகப் பெயர் சூட்டி, நியூயார்க்கில் கூண்டோடு விற்றார்கள். சட்டவிரோதம் என்று பிடி இறுகியதும், 1940-இல் வியாபாரிகள் சரக்கை லாங் ஐலண்டில் பறக்கவிட்டுக் கைகழுவினார்கள். அந்தக் குருவிகள் நகரம் நகரமாகப் பெருகிக் கிழக்கு அமெரிக்காவையே பிடித்தன. எந்த ஊரை எப்போது எட்டின என்று பின்னால் ஆய்வாளர்கள் தேடியபோது, கிறிஸ்துமஸ் பட்டியல்களில் விடை ஆண்டுவாரியாகக் கிடந்தது. எனில், வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏன் எண்ண வேண்டும்?

2002-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து, எந்த நாளும் பட்டியல் போட ஓர் இணையதளம் திறந்தன. அறிவியலுக்கு உதவுங்கள் என்று அழைத்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சில ஆண்டுகள் தடுமாறிய பிறகு தளத்தை மாற்றி அமைத்தார்கள்: வாழ்நாளில் பார்த்தவை எத்தனை, ஊரில் முதலிடம் யாருக்கு என்று காட்டத் தொடங்கினார்கள். பட்டியல்கள் கொட்டின. சாப்மனுக்கு 1900-இலேயே தெரிந்த சூட்சுமம்தான். கைபேசியில் இன்று சர்வசாதாரணமாகத் திறக்கும் ‘இ-பேர்ட்’ பிறந்து வளர்ந்த கதை இது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏரிக்கரையிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நின்று எண்ணி, பட்டியலை அதே இ-பேர்டில்தான் ஏற்றுகிறார்கள். இந்தியா முழுவதும் 15,500-க்கும் மேற்பட்டோர் இப்படிச் சேர்த்த ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 2020-இல் நாட்டுப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். நாட்டளவில் குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, கோபுரக் கதைக்கு வலுவான ஆதாரமில்லை என்றது அறிக்கை. குறைந்திருப்பது ஆறு பெருநகரங்களில். அந்த ஆறில் சென்னையும் உண்டு.