சேற்றுப்புண், செருப்புக்கடி, பூட்ஸ்: அந்தமான் உழைப்பில் பாதத்தின் வரலாறு

பாதத்தின் துன்பங்களுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் இரு வகைகள் புலப்படும். சேற்றுப்புண், செருப்புக்கடி என்னும் சொற்கள் காரணத்தை உடலுக்கு வெளியே வைக்கின்றன. ஒன்றில் சேறு குற்றவாளி, மற்றொன்றில் செருப்பு. பித்தவெடிப்பு என்னும் சொல்லோ காரணத்தை உடலுக்குள், பித்தத்தில் வைக்கிறது. காரணம் எங்கே இருப்பதாகச் சொல் காட்டுகிறதோ, அங்கேயே மருந்தும் பொறுப்பும் தேடப்படுகின்றன. நாளெல்லாம் கனத்த பாதுகாப்புப் பூட்ஸ் அணிந்து நிற்பவரின் கால்வலியை எந்த வகையில் சேர்ப்பது? அது அவருடைய உடலின் குறையா, வேலையின் விளைவா? அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உழைப்பு வரலாற்றை இக்கேள்வியோடு அணுகலாம்.

1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கரின் தலைமையில் 200 கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டனர். சாத்தம், ராஸ் முதலிய தீவுகளின் அடர்காட்டை வெட்டித் திருத்துவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அத்தீவுகளில் உழைப்பாளியின் காலுக்கு அரசு முதலில் வழங்கியது காலணி அன்று, விலங்கு. 1896க்கும் 1906க்கும் இடையில் கட்டப்பட்ட செல்லுலார் சிறையின் அருங்காட்சியகத்தில் கால்விலங்குகளின் வகைகளை இன்றும் காணலாம். போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரு பருவக்காற்றுகளும் மாறிமாறி மழை தருவதால் மே முதல் டிசம்பர் வரை ஈரம் காய்வது அரிது. நீரில் ஊறிய தோல் மென்மையாகிறது. மென்மையான தோலின்மீது கடினமான பொருள் ஓயாமல் உராய்ந்தால் தோல் கிழிகிறது. ஈரம், உராய்வு, ஓயாமை ஆகிய இம்மூன்றும் சேர்ந்தே புண்ணை உண்டாக்குகின்றன. உராயும் பொருள் இரும்பாயினும் பூட்ஸின் தோலாயினும் இவ்விதி மாறுவதில்லை.

1883இல் வனத்துறையும் சாத்தம் மரஅறுவை ஆலையும் தோன்றின. 1918 முதல் ராஞ்சிப் பகுதியிலிருந்து ஒராவ்ன், முண்டா, காரியா மக்கள் காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கைத் தமிழில் காலணிக்குச் ‘சப்பாத்து’ என்ற சொல் உண்டு. அது போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. மொழிக்குள் சப்பாத்து வந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் தோட்டத் தொழிலாளியின் கால் வெறுங்காலாகவே இருந்தது.

அவ்வெறுங்காலுக்கு நேர்ந்ததை மருத்துவ வரலாறு பதிவு செய்துள்ளது. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது என்பதைக் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தார். புழு நுழையும் விரலிடுக்கில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். சேற்றுப்புண் என்றே அதனை எவரும் எண்ணிவிடக் கூடும். ஆனால் அதன் முடிவு இரத்தசோகை. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுத்துப் புழுவை நீக்கினாலும், கழிப்பிடமும் காலணியும் இல்லாத இடத்தில் அதே மண் அதே காலை மீண்டும் தொற்றியது.

சட்டமும் பாதத்தை மறந்தது. தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கான 1951ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காலணி அப்பட்டியலில் இருக்கவில்லை. அது போன்ற பிற வசதிகள் என்னும் பொதுத்தொடருக்குள் வேண்டுமானால் அதனை அடக்கிக்கொண்டிருக்கலாம். தலைக்கும் தோளுக்கும் பெயர் கிடைத்தது. கால் பெயரின்றி நின்றது.

ஆகவே பாதுகாப்புப் பூட்ஸின் வருகை ஒரு வெற்றியே. இந்தியத் தரநிலை 15298இன் இரண்டாம் பகுதி, பாதுகாப்புக் காலணியின் முன்முனை 200 ஜூல் ஆற்றலுள்ள மோதலைத் தாங்க வேண்டும் என்கிறது. மரஅறுவை ஆலையிலோ துறைமுக மேடையிலோ சாலைப் பணியிலோ விரல்கள் நசுங்காமல் காப்பது அம்முனைதான். எனினும் பூட்ஸ் ஆபத்தை முற்றிலும் நீக்குவதில்லை. வெளியே இருந்த சேற்றைத் தடுத்து, உள்ளே வியர்வையால் ஒரு சேற்றை உண்டாக்குகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த தீவுகளில் இவ்வேறுபாடு முதன்மையானது.

இதனை விலை கொடுத்துக் கற்றவை படைகள். முதல் உலகப் போரின் முதல் குளிர்காலத்தில், 1914–15இல், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற பிரித்தானியப் படையினரில் 20,000 பேருக்கு மேல் பாதம் அழுகும் நோய்க்கு ஆளாயினர். பின்னர் உலர்ந்த காலுறைகள் நாள்தோறும் அனுப்பப்பட்டன, பாதங்களில் எண்ணெய் தேய்க்கப்பட்டது, பாதச் சோதனை கட்டாயமாயிற்று. எல்லாவற்றினும் முக்கியமாக, ஒரு படையணியில் நோய் மிகுந்தால் அதன் தளபதி பதில் சொல்ல வேண்டியவரானார். வியட்நாமின் வெப்பநிலத்திலும் இதே பாடம் திரும்பியது. நீர் வடிவதற்குத் துளைகள் அமைந்த சிறப்புக் காட்டுப் பூட்ஸ் அங்கே வழங்கப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும் மேகாங் கழிமுகத்தின் நெல்வயல்களில் வீரர்களின் பாதங்கள் ஊறிப் புண்ணாயின. இறுதியில் 48 மணி நேரத்துக்கு மேல் எவரையும் வயல்நீரில் வைத்திருக்கலாகாது என்ற வரம்பை அமெரிக்கத் தரைப்படையின் 9ஆம் காலாட்படைப் பிரிவு வகுத்தது. காலணியால் தீராததைக் கால அளவு தீர்த்தது.

ஈரத்துக்கு அடுத்தது அழுத்தம். அதன் அறிவியலில் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களை ஆராய்ந்தார். நோயால் சதை தானே அழுகுகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. உணர்விழந்த பாதத்தின் ஒரே இடத்தில் ஒவ்வோர் அடியிலும் விழும் சிறு அழுத்தமே புண்ணாகிறது என்று அவர் நிறுவினார். வலி உணர்பவர் தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். உணராதவர் மாற்றுவதில்லை. வேலூரை அடுத்த கரிகிரியில் நுண்துளை ரப்பர் செருப்புகள் உருவானது இந்த அறிவிலிருந்துதான். பின்னர் அமெரிக்காவின் கார்வில்லில் எலிகளின் பாதங்களில் மிதமான அழுத்தம் நாள்தோறும் பல்லாயிரம் முறை செலுத்தப்பட்டது. ஓய்வின்றிச் செலுத்தியபோது பாதங்கள் வீங்கிப் புண்ணாயின. எண்ணிக்கையைச் சற்றே குறைத்து வாரயிறுதியில் ஓய்வு கொடுத்தபோது அவை தடித்து வலுப்பெற்றன. ஏறக்குறைய அதே சுமையை ஓய்வு பயிற்சியாக மாற்றுகிறது, ஓயாமை நோயாக மாற்றுகிறது. நீரிழிவால் காலுணர்வு குன்றிய தொழிலாளிக்கு இது உயிர்ப் பிரச்சினை. பூட்ஸுக்குள் கிடக்கும் சிறு கல்லையும் அவர் மாலைவரை அறியமாட்டார்.

இவ்வறிவை இன்றைய வேலைநாளுக்குப் பொருத்தினால் சில நடைமுறைகள் தாமே துலங்கும். நாள் முடிவில் பாதம் சற்றே வீங்கியிருக்கும் என்பதால் பூட்ஸின் அளவை மாலையில் பார்ப்பது நல்லது. நீண்ட விரலுக்கும் முன்முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். புதிய பூட்ஸை முதல் நாளே முழுநேரமும் அணியாமல் சில மணி நேரமாகப் பழக்க வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தேக்கிவைக்கும். கம்பளி அல்லது செயற்கையிழை கலந்தது விரைவில் உலரும். நண்பகலில் காலுறையை மாற்றுவதும், விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவதும் பாதி நோயைத் தடுக்கும். நனைந்த பூட்ஸ் ஓரிரவில் காயாது. ஆதலால் இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிய வேண்டும். உள்தட்டைக் கழற்றி, செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தலாம். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். ஓரிடம் சூடாகி எரியத் தொடங்கினால் அது கொப்புளத்தின் முன்னறிவிப்பு. அப்போதே நின்று ஒட்டுத்துணியால் மூட வேண்டும்.

இப்பட்டியலில் தொழிலாளி தாமே செய்யக்கூடியவை எத்தனை? கால் கழுவுதலும் துடைத்தலும் அவர் கையில் உள்ளன. இரண்டாம் இணை பூட்ஸை வாங்கித் தருவதும், பல அளவுகளை இருப்பில் வைப்பதும், நண்பகலில் காலுறை மாற்ற உலர்ந்த இடமும் நேரமும் ஒதுக்குவதும், நிற்கும் வேலைக்கிடையே உட்கார இடம் தருவதும் வேலை தருபவர் கையில் உள்ளன. ஓர் இணை பூட்ஸை வழங்கிக் கையொப்பம் பெற்றவுடன் கடமை முடிந்ததாகக் கருதும் நிர்வாகம், மீதியைத் தொழிலாளியின் உடலின்மீது ஏற்றிவிடுகிறது. பித்தவெடிப்பு என்ற சொல் செய்வதும் அதுவே. உழவர் வழக்கில் நிலைத்த சேற்றுப்புண் என்ற சொல் அதனினும் நேர்மையானது. காலில் காணும் புண்ணுக்கு அது வேலை நடந்த நிலத்தின் பெயரைச் சூட்டியது. பூட்ஸுக்குள் உண்டாகும் புண்ணையும் வேலையின் பெயரால் அழைக்கும்போதுதான் காலுறைக்கும் ஓய்வுக்கும் மாற்றுப் பூட்ஸுக்கும் உரிய செலவு வேலையின் கணக்கில் எழுதப்படும்.