வெற்றிலைத் தட்டில் நுழைந்த விருந்தாளி



"புகையிலை போடுவது நம் முன்னோர் வழக்கம்தானே சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பென்றால் ஒரு பீரியட் எடுத்திருப்பேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். புகையிலை தரவில்லை. தரவும் முடியாது, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்து 400 ஆண்டுகள்தான் ஆகின்றன. 1617-லேயே ஜஹாங்கீர் அதைத் தடை செய்து பார்த்தார், பலிக்கவில்லை. தமிழில் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்பி 'புகையிலை விடு தூது' பாடிவிட்டார். அந்த அளவுக்கு ஊறிப்போனது.

எப்படி ஊறியது? வெற்றிலைத் தட்டில் ஏறிக்கொண்டது. கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எங்கும் தாம்பூல மரியாதையோடு சேர்ந்துகொண்டது. காவல் தெய்வத்துக்குச் சுருட்டுப் படையலும் ஆயிற்று. வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

நம் தியாகதுருகம் பக்கம் களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போகும் பெண்கள் பலரின் சுருக்குப் பையில் புகையிலை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கன்னத்தில் அடக்கினால் பசி தெரியாது, வேலை ஓடும். ஒரு பெண் பீடி பிடித்தால் ஊர் பேசும், புகையிலை போட்டால் யாரும் கேட்பதில்லை. ஆபத்து அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பதற்கான தடை நாடெங்கும் கடுமையானது. 2013-ல் தமிழக அரசு குட்காவைத் தடை செய்தது. ஆனாலும் மத்திய அரசின் ஆய்வுப்படி, 2009-10க்கும் 2016-17க்கும் இடையே நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தபோது, தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 சதவீதமாகக் கூடியது.

புகை இல்லாததால் தீங்கு இல்லை என்று நினைக்காதீர்கள். வாய்ப் புற்றுக்கு மெல்லும் புகையிலை முக்கியக் காரணம். வெறும் பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டு விசேஷத் தட்டில் புகையிலை வைக்காதீர்கள். அம்மா, பாட்டி, அத்தை யாருக்காவது வாயில் வெள்ளைப் படலமோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வாய் திறக்கச் சிரமமோ இருந்தால் உடனே அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். திட்டாதீர்கள், கூடவே போங்கள். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.