அமராவதி ஆற்றுக் காசும் புளித் தண்ணீரும்

போன மாதம் நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரி, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த செப்புக் காசுகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. "இதை எப்படிப் பளபளப்பாக்குவது?" என்பது கேள்வி. அரை மணி நேரத்துக்குள் புளி, எலுமிச்சை, டூத் பேஸ்ட், பாத்திரம் துலக்கும் பவுடர் என்று யோசனைகள் குவிந்துவிட்டன. நான் அவரைத் தனியாக போனில் கூப்பிட்டு, "தயவுசெய்து எதுவும் செய்யாதீர்கள் மேடம்" என்றேன். "ஏன் சார்?" என்றார். அன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

1983-ல் வங்கியில் கிளார்க்காக எனக்குக் கிடைத்த முதல் ஊர் கரூர். ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் அமராவதி ஆற்றங்கரைக்கு நடந்து போவேன். கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிலர் மணலை அரித்துக்கொண்டிருப்பார்கள். பழைய காசு, மணி, உலோகத் துண்டு எது கிடைத்தாலும் அவர்களுக்குக் காசுதான். ஒரு பெரியவரிடம் ஐந்து ரூபாய் கொடுத்து ஒன்பது சிறிய செப்புத் துண்டுகள் வாங்கினேன். சில சதுரமாக இருந்தன. எல்லாவற்றின் மேலும் பச்சையும் கறுப்புமாகத் தடித்த பொருக்கு.

அன்று இரவே வீட்டுக்கார அம்மாவிடம் புளி வாங்கி, உப்பும் சேர்த்து ஊற வைத்தேன். காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். புதுச் செம்பு போல மின்னின. ஆனால் ஒரு பக்கமும் ஒன்றும் இல்லை. அம்மை வடு மாதிரி குழி குழியாக இருந்தது. ஆபீசில் காட்டினேன். எங்கள் கேஷியர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அந்த ஒன்பதில் மூன்று இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

அதே காலகட்டத்தில், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இதே மாதிரி செப்புத் துண்டுகளைத்தான் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொழில் பத்திரிகை. காசு ஆராய்ச்சி சொந்த ஆர்வம். வாங்கிய பழங்காசுகளைச் சுத்தம் செய்து பார்த்தபோது, ஒரு சதுரச் செப்புக் காசில் குதிரை உருவமும் அதோடு தமிழ் பிராமி எழுத்துகளும் தெரிந்தன. 'பெருவழுதி' என்று படிக்கப்பட்டது. சங்கப் பாடல்களில் வரும் பாண்டியப் பெயர்! சங்க கால மூவேந்தர்கள் தங்கள் பெயர் பொறித்த காசு வெளியிட்டதற்கு அதுவரை சான்று இல்லை என்பதால், அறிஞர்கள் நடுவே இது பெரிய செய்தி ஆனது. எந்தப் பெருவழுதி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விஷயம். பின்னர் கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த வெள்ளிக் காசில் 'மாக்கோதை' என்ற சேரன் பெயரும், செப்புக் காசில் 'கொல்லிப்பொறை' என்ற பெயரும் வெளிவந்தன. கிருஷ்ணமூர்த்தியின் சங்க காலக் காசுகள் பற்றிய ஆங்கில நூல் 1997-ல் வந்தது. 2021-ல் அவர் காலமானார்.

அந்தக் காசுகளின் படங்களை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னுடைய ஒன்பதிலும் எழுத்து இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்ததா இல்லையா என்று இனி யாருமே சொல்ல முடியாது. அதுதான் உறுத்துகிறது.

நான் பி.காம். படித்தவன். வேதியியல் பள்ளியோடு முடிந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன். மண்ணுக்குள் கிடக்கும் செம்பு வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்ல மாறுகிறது. உலோகத்தை ஒட்டிச் சிவப்பு ஆக்சைடு, அதன்மேல் பச்சை கார்பனேட். பல நூற்றாண்டுகள் கிடந்த காசில், அச்சு குத்தியபோது இருந்த மேற்பரப்பு உலோகத்தில் இருப்பதில்லை. அந்தத் துருப் படலத்துக்குள்தான் இருக்கும். எழுத்தும் குதிரையும் அங்கேதான். நாம் அழுக்கு என்று நினைத்துப் புளியில் கரைப்பது அந்த எழுத்தைத்தான். அமிலம் எழுத்தையும் அழுக்கையும் பிரித்துப் பார்க்காது. மிஞ்சுவது அரித்துப்போன உள் உலோகம் மட்டுமே.

எரிந்த நோட்டைக் கவுண்டருக்குக் கொண்டு வருபவர்களிடம், "துடைக்காதீங்க, ஒட்டாதீங்க, இருக்கிறபடியே கொடுங்க" என்று வேலை பார்த்த காலம் முழுதும் சொல்லியிருக்கிறேன். காசு விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

பெரிய இடங்களும் பட்டுத்தான் கற்றன. முதல் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து, பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருட்களில் ஒரு பகுதியை லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் பத்திரப்படுத்தியது. போர் முடிந்து எடுத்துப் பார்த்தால் இரும்பு துருவேறியிருந்தது, வெண்கலத்தில் உப்புப் பூத்திருந்தது. குண்டுக்குத் தப்பியது ஈரத்துக்குத் தப்பவில்லை. அதை ஆராய அலெக்சாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாளரை அழைத்தார்கள்; 1920-ல் அங்கே ஆய்வுக்கூடமே தொடங்கிவிட்டார்கள். பெர்லினில் ராட்கென் என்பவர் 1888-லேயே இப்படி ஓர் ஆய்வுக்கூடம் நடத்தியிருக்கிறார்.

நம் எழும்பூர் அருங்காட்சியகம் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. வெண்கலச் சிலைகளைப் பச்சைப் பொடி அரித்ததால் 1930-ல் அங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் வந்தது. எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் சிலைகளைக் காப்பாற்றினார். அங்கே போகும்போது சிலைகளின் அழகை மட்டும் பார்க்காமல், அவை இன்னும் நின்றுகொண்டிருப்பதற்காகவும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அந்தப் பச்சைப் பொடியை 'வெண்கல நோய்' என்கிறார்கள். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கி, தானே மறுபடி உருவாகித் தொடர்ந்து அரிக்கும். கெட்டியான கரும்பச்சைப் படலத்தால் பயமில்லை. விரல் பட்டால் உதிரும் வெளிர்பச்சை மாவு தெரிந்தால்தான் ஆபத்து. சென்னைக் காற்றின் ஈரம் அதற்குத் தாராளமாகப் போதும். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் கொஞ்சம் செய்து பார்க்கிறேன். மதிப்பில்லாத தேய்ந்த காசுகளில் மட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, கூராகச் சீவிய மூங்கில் குச்சி, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, சில மாதம் ஊறவிட்டு, நன்றாகக் காய வைத்து, இளகிய மண்ணைக் குச்சியால் ஒரு நாளைக்கு ஒரு கடுகளவு எடுப்பேன். குச்சிக்கு அசையாததை விட்டுவிடுவேன். ஒரு காசுக்கு எட்டு மாதம் ஆனது. "பேரன் கல்யாணத்துக்குள்ள முடிப்பீங்களா?" என்கிறாள் மனைவி. பேரனுக்கு வயது நான்கு.

இன்னொன்று. மண்ணுக்குள் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டு தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. 1983-ல் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

அந்தச் சகோதரி சென்ற ஞாயிறு காசுகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வைத்திருந்த பிளாஸ்டிக் ஆல்பத்தை முதலில் மாற்றச் சொன்னேன், பி.வி.சி. உறை செம்பை அரிக்கும். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பச்சைக்கு அடியில் 1835 என்ற ஆண்டும், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் தெளிவாக இருந்தன. கால் அணா. பெரிய விலை போகாது. "எங்க தாத்தாவோட தாத்தா கையில இருந்திருக்கும், இல்ல சார்?" என்றார். இருக்கலாம் என்றேன். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, பச்சையோடு அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.