பணியிலுள்ள படைவீரர்களின் எழுத்துரிமை (இந்தியா)

பணியிலுள்ள படைவீரர்களின் எழுத்துரிமை என்பது, சேவையில் இருக்கும் ஒரு படைவீரர் தமது படைத்துறை வாழ்க்கையைப் பற்றிப் பொதுமக்கள் அறியும்படி எழுதவோ பேசவோ எந்த அளவுக்கு உரிமை உடையவர் என்னும் கேள்வியைக் குறிக்கும். இந்தியாவில் இவ்வுரிமை முழுமையாக மறுக்கப்படவில்லை. ஆயினும் முன் அனுமதிக்கு உட்பட்டது.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் உறுப்பு 19(1)(அ) குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையை வழங்குகிறது. படையினருக்கு அடிப்படை உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வரையறுக்கும் அதிகாரத்தை உறுப்பு 33 நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. இதன் வழியே, 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், பிரிவு 21, பத்திரிகைகளுடன் தொடர்பு கொள்வதையும் நூல், கடிதம் முதலியவற்றை வெளியிடுவதையும் கட்டுப்படுத்த நடுவண் அரசை அனுமதிக்கிறது.

1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகளில் விதி 21 இதனை விரிவாகக் கூறுகிறது. அரசியல் பொருள் பற்றியோ படைத்துறைப் பொருள் பற்றியோ எழுதுவதற்கும், சொற்பொழிவு அல்லது வானொலி உரை நிகழ்த்துவதற்கும் முன் அனுமதி தேவை. போர்த் திட்டமும் சமையற்கூடத்துக் குறையும் ஒன்றல்ல. எனினும் இரண்டுமே 'படைத்துறைப் பொருள்' என்னும் சொல்லுக்குள் அடங்கக்கூடியவை. சர்ச்சையின் வேர் இங்கேயே உள்ளது.

எல்லைப்புறச் சாலைகளை அமைக்கும் பொறியியல் படையினர் தொடர்ந்த ஆர். விசுவன் வழக்கில் (1983), பிரிவு 21உம் அதன் கீழான விதிகளும் செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வரலாறு

முதல் உலகப் போரில் பிரான்சு சென்ற இந்திய வீரர்களின் கடிதங்களை, 1914 முதல் பிரித்தானியத் தணிக்கை அலுவலகம் ஒன்று படித்து அறிக்கைகள் தயாரித்தது. இதனை அறிந்த வீரர்கள் மறைமொழியைக் கையாண்டனர். இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும் வெள்ளை வீரர்களைச் சிவப்பு மிளகு என்றும் குறித்து, போரில் எவர் மடிகின்றனர் என்பதை ஊருக்குத் தெரிவித்தனர். அத்தணிக்கை அறிக்கைகளே இன்று அவ்வீரர்களின் மனநிலையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

படைவாழ்க்கை இலக்கியமானதற்கு மலையாளம் நல்ல எடுத்துக்காட்டு. பாறப்புறத்து, கோவிலன், நந்தனார் ஆகியோர் படையில் பணியாற்றியவர்கள். 1944இல் சேர்ந்து 21 ஆண்டுகள் பணியாற்றிய பாறப்புறத்தின் 'நிணமணிந்த கால்பாடுகள்' (1955) என்னும் புதினம் அவர் பணியில் இருந்தபோதே வெளிவந்தது.

அண்மைய நிகழ்வுகள்

2017 சனவரியில், எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ், தமக்கு வழங்கப்பட்ட உணவின் தரம் குறித்த நிகழ்படங்களை இணையத்தில் வெளியிட்டார். அக்குற்றச்சாட்டைப் படை நிருவாகம் மறுத்தது. ஏப்ரல் மாதத்தில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். (இப்படை 1968ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் ஆளப்படுவது.) அதே சனவரியில் தரைப்படை வீரர் ஒருவரும், அதிகாரிகளின் சொந்த வேலைகளுக்கு வீரர்களைப் பயன்படுத்தும் முறையைக் குறைகூறினார். இவற்றின் பின்னர், தரைப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், குறைகளைத் தமக்கு நேரடியாகத் தெரிவிக்கப் புகார்ப் பெட்டிகளை ஏற்படுத்தினார். சமூக ஊடகத்தில் முறையிடுவோர் தண்டிக்கப்படலாம் எனவும் எச்சரித்தார்.

2020 சூன் மாதத்தில், பேசுபுக்கு உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு தரைப்படை ஆணையிட்டது. வெளிநாட்டில் வாழும் குடும்பத்தாருடன் தொடர்பு கொள்ளத் தமக்கு அது தேவை எனக் கூறி லெப்டினன்ட் கர்னல் ஒருவர் தொடர்ந்த வழக்கை, தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஆகத்து மாதம் தள்ளுபடி செய்தது.

கட்டுப்பாட்டுக்கு ஆதரவான வாதங்கள்

* தனித்தனியே தீங்கற்ற தகவல்கள் ஒன்றுசேரும்போது இரகசியமாகலாம். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்களின் ஓட்டப் பாதைகள் மூலம் படைத்தளங்கள் வெளிப்பட்டது 2018இல் தெரியவந்தது.
* 2010இல், வீரர் ஒருவர் நாளும் இடமும் குறிப்பிட்டு இணையத்தில் எழுதியதால் இசுரேலியப் படை ஒரு தேடுதல் நடவடிக்கையைக் கைவிட்டது.
* மேலதிகாரியை வெளிப்படையாகக் குறைகூறுவது, ஆணைக்குக் கட்டுப்படும் ஒழுங்கைக் குலைக்கும்.
* படை அரசியல் சார்பற்று நிற்க வேண்டும்.

எதிர் வாதங்கள்

* இரகசியம் காக்க 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் ஏற்கனவே உள்ளது. உணவு, விடுப்பு, குடியிருப்பு பற்றிய குறைகள் அவ்வகையின அல்ல.
* இராணுவச் சட்டத்தின் பிரிவு 26 வீரருக்கு முறையீட்டு வழியைத் தருகிறது. ஆனால் முறையீடு செல்வது அதே அதிகார அடுக்கின் வழியாகவே. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி சென்னை உட்படப் பல நகரங்களில் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளைகள் அமைந்தன. எனினும் பொதுவாக, துறைசார் வழிகளை முடித்த பிறகே அங்கு செல்ல இயலும்.
* வரி செலுத்தும் மக்களும், படையில் சேர விரும்பும் இளைஞர்களும் படைவாழ்வின் உண்மை நிலையை அறிய வேண்டும்.

இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பவை அல்ல. இடம், நாள், படைநகர்வு, கருவிகள் ஆகியன காக்கப்பட வேண்டியவை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. வேறுபாடு எழுவது, அன்றாட வாழ்வு பற்றிய எழுத்துக்கும் அதே அனுமதி வேண்டுமா என்பதிலேயே. அனுமதி வழங்கும் அதிகாரமும் குறைகூறப்படும் நிருவாகமும் ஒன்றாகவே இருக்கும்வரை இக்கேள்வி நீடிக்கும்.