முதுகுக்குப் பின்னால் ஒரு கேமரா

2009-இல் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் ஒரு தீவுக்கு அடிக்கடி போய்வருவேன். யாரோ ஒருவர் அங்கே பழைய ரயில் நிலையம் ஒன்றைக் கட்டியிருந்தார். துருப்பிடித்த இரும்புத் தூண்கள், கண்ணாடிக் கூரை, நின்றுபோன கடிகாரம். மொத்தம் 41 படம் எடுத்தேன். ரெண்டு வருஷம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மாதக் கட்டணம் கட்ட முடியாமல் தீவை விட்டுவிட்டாராம். பொருள்கள் எல்லாம் மூட்டையாக அவர் கணக்குக்குத் திரும்பிவிட்டன, ஆனால் எந்தத் தூண் எங்கே நின்றது என்பது போய்விட்டது. உன்னிடம் படம் ஏதாவது இருக்கிறதா, மறுபடி கட்டணும் என்று கேட்டிருந்தார்.

தேடி எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் நடுவில் என் அவதாரின் முதுகு. பாதிப் படங்களில் மெனுவும் சாட் பெட்டியும். சிலவற்றில் சுவரே சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவருக்கு உபயோகப்பட்டது ஒண்ணே ஒண்ணு.

புதிதாக வருகிற எல்லாரும் ஏன் இதே தப்பைச் செய்கிறோம்னு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். தப்பு நம்முடையது மட்டும் இல்லை. அந்தக் கேமராவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பரிமாண உலகில் ஓடுகிற மாரியோவை யார் படம் பிடிப்பது? மேகத்தில் மிதக்கும் லக்கிட்டு என்ற பாத்திரத்தின் கையில் தூண்டில் கோல் மாதிரி ஒன்றைக் கொடுத்து, அதில் கேமராவைத் தொங்கவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் போனால் பின்னால் அவன் மிதப்பதைப் பார்க்கலாம். அந்தக் கேமராவின் வேலை, அடுத்து எங்கே குதிக்கணும் என்று காட்டுவது. அழகாகக் காட்டுவது அதன் வேலையே இல்லை. 2003 ஜூனில் லிண்டன் லேப் திறந்த செகண்ட் லைஃபும் இதே பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது: கேமரா அவதாரின் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. நடக்க வசதி. படத்துக்கு வசதி இல்லை.

ஆகவே முதல் பாடம், கேமராவை முதுகிலிருந்து கழற்றுவது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் ஒரு பொருளைப் பிடித்து இழுத்தால் கேமரா அதைச் சுற்றிவரும். அவதார் நின்ற இடத்திலேயே நிற்கும். கண் மட்டும் போகும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது தப்பு, எல்லாவற்றையும் நட்டநடுவில் வைப்பது. இதற்கும் ஒரு வாத்தியார் உண்டு. 1999-இல் வந்த போக்கிமான் ஸ்னாப் விளையாட்டில், தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் உட்கார்ந்து படம் எடுக்கணும். ஒரு சுற்றுக்கு 60 படம். பிறகு பேராசிரியர் ஓக் மதிப்பெண் போடுவார். உருவம் சரியாக நடுவில் இருந்தால் மதிப்பெண் இரட்டிப்பு! ஒரு தலைமுறைக்கே அப்படிப் பழக்கம் வந்திருந்தால் ஆச்சரியம் இல்லை. 2004 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ 4 வேறு திசையில் போனது. காரை நிறுத்திவைத்து, துளை அளவையும் ஷட்டர் வேகத்தையும் மாற்றிப் படம் எடுக்கும் வசதி அதில் இருந்தது. விளையாட்டு நின்றுவிடும், பார்ப்பது மட்டும் தொடரும்.

மூன்றாவது, லென்ஸ். கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிசாகத் தெரியும். நிஜ கேமராவில் நடப்பதேதான். தள்ளி நின்று, கன்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்து அழுத்தினால் பார்வைக் கோணம் குறுகும், முகம் சரியான அளவில் வரும். கன்ட்ரோலும் 9-உம் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். 2006-இல் ஈவா, ஃபிராங்கோ மாட்டஸ் என்ற கலைஞர் இணை செகண்ட் லைஃப் அவதார்களின் 13 உருவப்படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. தீவு, கட்டடம் எதுவும் பெரிதாக இல்லை, முகம் மட்டும் சட்டத்தை நிறைத்திருக்கும். எதை விடுவது என்று தெரிந்தவர்கள் எடுத்த படம்.

நான்காவது, வெளிச்சம். நிஜ உலகில் கேமரா வெளிச்சத்தைப் பதிவுசெய்கிறது. இங்கே கணினி அதைக் கணக்குப் போட்டுத் தருகிறது. செகண்ட் லைஃபின் ஒரு நாள் நான்கு மணி நேரம்தான், அதில் மூன்று மணி பகல். ஆரம்பத்தில் விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு என்று நான்கு நேரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். லிண்டன் லேப் 2007-இல் விண்ட்லைட் என்ற தொழில்நுட்பத்தை வாங்கி, அடுத்த வருஷம் எல்லாருக்கும் கொடுத்தது. சூரியனின் இடம், மூட்டம், மேகம் எல்லாவற்றையும் நம் திரையில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. நண்பகலை விட்டுவிட்டு சூரியனைப் பக்கவாட்டில் இறக்கிப் பாருங்கள். தூணுக்கு உருட்சி வரும், முகத்துக்கு மேடுபள்ளம் வரும்.

அப்போது முகத்தை எடுப்பாகக் காட்ட பலரும் அவதாரில் விளக்கு மாட்டிக்கொண்டு திரிவார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து மென்பொருள் சூரியன், சந்திரன் தவிர ஆறு விளக்குகளைத்தான் காட்டும். நாலு பேர் ஜோராக வந்து நின்றால் ரயில் நிலையத்தின் விளக்குகள் அணைந்துபோகும்! என் படங்கள் சிலவற்றில் நிலையம் இருண்டு கிடந்ததற்குக் காரணம் இதுதான் என்று பின்னால்தான் புரிந்தது. அவதாரில் மாட்டிய விளக்கு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ரெண்டு சின்ன விஷயம். போனதும் எடுக்காதீர்கள். சுவர்களின் மேற்பரப்புப் படங்கள் இறங்கும் வரை எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும், பொறுத்திருங்கள். படம் எடுக்கும் பெட்டியில் மெனுவைச் சேர்க்கும் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்றும், டூன்டவுன் ஆன்லைன் 2013 செப்டம்பர் 19 அன்றும் மூடப்பட்டன. ரசிகர்கள் பின்னாளில் அவற்றுக்கு வேறு வடிவில் உயிர் கொடுத்தார்கள். ஒரு தனி மனிதர் கட்டிய தீவுக்கு அப்படி ரசிகர் கூட்டம் கிடையாது. கட்டணம் நின்றால் தீவும் இல்லை. மிஞ்சுவது யாரோ வழிப்போக்கர் எடுத்த படம்தான்.

அந்த ஒரே ஒரு படத்தை அவருக்கு அனுப்பினேன். அதில் கடிகாரமும் இரண்டு தூணும் தெரிந்தன. அவற்றை வைத்து ஒரு நடைமேடையை மட்டும் நிறுத்திவிட்டதாக எழுதினார். மற்ற நடைமேடைகள் எங்கே இருந்தன என்று கேட்டார். அந்தப் பக்கத்தை என் முதுகு மறைத்திருந்தது.